சின்ன ர

கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற சாலையில் கடைசி வீடு கல்லக்காவுடையது. அதைத் தாண்டினால் ஒரு பூக்கடை, ஓர் இரும்புக் கேட். கேட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் எல்லாரும் அவளுடைய பழைய வாடிக்கைக்காரர்கள். ஒருத்தர்கூட இதுவரை திரும்பி வந்து குறை சொன்னதில்லை என்பார் பூக்காரர். அவருக்குக் கையிருப்பு அந்த ஒரு நகைச்சுவைதான், அதையே வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். கல்லக்காவும் ஒவ்வொரு தடவையும் சிரித்துவைப்பாள். அன்றைக்கு வேறு யாரோடும் பேச வாய்ப்பில்லை என்று தெரிந்தால் கொஞ்சம் கூடுதலாகவே சிரிப்பாள்.

ஞானஸ்நானத்தில் அவளுக்கு அழகான பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். கூப்பிட ஆளில்லாத பெயர் எத்தனை நாள் தாங்கும்? கல் வேலை செய்கிற அக்கா கல்லக்கா ஆனாள். கோயிலுக்குப் புதிதாக வந்த ஃபாதர்கூட முதல் வாரத்திலேயே அப்படித்தான் கூப்பிடக் கற்றுக்கொண்டார். மனசும் கல்தான் என்று சிலர் முதுகுக்குப் பின்னால் சேர்த்துச் சொல்வது அவளுக்குத் தெரியும். அதைக் காதில் போட்டுக்கொண்டால் வேலை ஓடாது.

முன்பக்கம் தகரம் போட்ட பட்டறை. பின்பக்கம் ஓர் அறையும் சமையல் மூலையும், அதற்கும் பின்னால் குழாயடி. பட்டறைச் சுவரில் கருங்கல் பலகைகள் சாய்ந்து நிற்கும், மெருகேற்றிய முகம் சுவரைப் பார்த்தபடி. காலையில் ஒரு பலகையை மரச்சட்டத்தின் மேல் கிடத்துவாள். ஈரத்துணியால் துடைத்து, நூல் பிடித்து வரி போட்டு, வெள்ளைப் பென்சிலால் எழுத்துகளை வரைவாள். அதற்கப்புறம்தான் உளியைத் தொடுவாள். மூக்கையும் வாயையும் மூடி ஒரு துணி, கண்ணுக்குக் கண்ணாடி. காகிதத்தில் எழுதுகிறவனுக்குத் தப்பு வந்தால் அடித்துவிட்டு மேலே எழுதலாம். கல்லில் தப்பு வந்தால் ஒன்று முகம் முழுவதையும் தேய்த்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் பலகையைக் குப்புறப் போட்டுத் துணி துவைக்க வேண்டியதுதான். குழாயடியில் கிடக்கிற துவைகல் அப்படி வந்து சேர்ந்ததுதான். அந்தக் கல்லின் கதையைச் சொல்லாமல் அவள் கதையைச் சொல்ல முடியாது.

அவளுக்குக் கல்யாணமான புதிது. பட்டறை அப்போது அவள் வீட்டுக்காரருடையது. கை என்றால் அப்படி ஒரு கை அவருக்கு. எவ்வளவு முரட்டுக் கல்லும் அவர் உளிக்குக் கீழே வளைந்து கொடுக்கும். ஆனால் கை இருந்த அளவுக்கு எழுத்து இல்லை. அதிலும் ர, ற விஷயத்தில் மனுஷன் ரொம்பத் தத்தளித்தார். கரியும் கறியும் அவருக்கு ஒன்று. பொரியும் பொறியும் ஒன்று. ஒரு தடவை ஒரு பெரியவரின் கல்லில் 'ஆண்டவரே, இவர்மேல் இரங்கும்' என்று வர வேண்டிய இடத்தில் 'இறங்கும்' என்று வெட்டி, வெள்ளை பூசி, அழகு பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட வந்தவள் அதைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்னங்க இப்படிப் பண்ணி வெச்சிருக்கீங்க?"

"ஏன், கோணலா இருக்கா?"

"எழுத்து நேராத்தான் இருக்கு. அர்த்தம்தான் கோணிக்கிச்சு. சின்ன ர போட்டா, கடவுளே, இவர் மேல மனசு இரங்கு, மன்னிச்சு விட்டுடுன்னு அர்த்தம். நீங்க பெரிய ற போட்டிருக்கீங்க. கடவுளே, மேலேருந்து நேரா இவர் மேல இறங்கு, நல்லா நாலு மிதி மிதின்னு அர்த்தம்."

அவர் கல்லைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "அவர் மருமகளைக் கேட்டா இதுதான் சரின்னு சொல்லும்" என்றார்.

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் சோறு ஆறிப்போனது. கல் குழாயடிக்குப் போனது, எழுத்து மண்ணைப் பார்க்க.

அன்றிலிருந்து அவள் வரைவாள், அவர் வெட்டுவார். அதோடு வீட்டுக்குள் ஒரு பேச்சும் பிறந்தது. அவள் ஒரு பாத்திரத்தைக் கொஞ்சம் ஓங்கி வைத்தால் போதும், அவர் நிலைப்படியிலேயே நின்றுவிடுவார். தலையை மட்டும் உள்ளே நீட்டி, "இன்னிக்கு சின்ன ர-வா, பெரிய ற-வா?" என்பார். "பெரிய ற" என்று பதில் வந்தால் பேசாமல் திரும்பிப் போய்க் கல் அடுக்கின் மேல் உட்கார்ந்துகொள்வார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தலை நீளும். "சின்ன ர" என்று அவள் வாயிலிருந்து வந்த பிறகுதான் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வருவார். இந்த வீட்டில் எப்போது பார்த்தாலும் ரவையைப் பற்றியே பேச்சு நடக்கிறதே, இவர்கள் வேறு எதுவும் சாப்பிட மாட்டார்களா என்று பூக்காரருக்கு ரொம்ப நாள் சந்தேகம். பிள்ளை இல்லாத வீடு. அந்த விளையாட்டுதான் வீட்டில் சத்தமாக இருந்தது.

ஒரு நாள், தள்ளியிருக்கிற ஓர் ஊருக்குக் கல் கொண்டுபோய் நட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். கல் போய்ச் சேர்ந்தது. அவர் வரவில்லை. வண்டி எங்கேயாவது கவிழ்ந்ததோ என்று அவள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தாள். போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். தினமும் ஒரு தட்டில் சோறு போட்டு மூடிவைத்து, மறுநாள் காலையில் அதைத் தானே சாப்பிட்டாள். கடைசியில் கல் ஏற்றுகிற லாரிக்காரர் ஒருவர், தரையைப் பார்த்துக்கொண்டே, அந்த ஊர்க் கடைத்தெருவில் அவரைப் பார்த்ததாகச் சொன்னார். கூட ஒரு பெண்ணும் இருந்தாளாம். இரண்டு பேரும் சேர்ந்து வாளி வாங்கிக்கொண்டிருந்தார்களாம்.

அந்த வாளிதான் அவளைக் கொன்றது. சினிமா பார்த்தார்கள், பூங்காவில் உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்லியிருந்தால்கூட, புத்தி கெட்டுப் போனவர் புத்தி வந்தால் திரும்புவார் என்று நினைத்திருப்பாள். வாளி வாங்குகிறவன் குடித்தனம் வைத்துவிட்டான். அன்றுவரை அவள் மனசுக்குள் 'அவர்' என்றிருந்தது அன்றோடு 'அவன்' ஆனது.

போனவன் உளிகளை விட்டுவிட்டுப் போயிருந்தான். அவள் எடுத்துக்கொண்டாள். ஆரம்பத்தில் வெட்டிய எழுத்துகள் குடித்துவிட்டு நடந்தது மாதிரி இருந்தன. பாவம் பார்த்துத்தான் ஜனங்கள் கல் கொடுத்தார்கள். போகப்போக எழுத்து நிமிர்ந்தது, பாவம் பார்ப்பது நின்றது. உறவுக்காரர்கள் கொஞ்ச நாள் வந்து, 'விடு, எல்லாம் தலையெழுத்து' என்று சொல்லிக் கை கழுவிவிட்டுப் போனார்கள். அவள் யாரிடமும் அழவில்லை. சாயங்காலம் பட்டறையைப் பெருக்கி முடித்ததும் சுவரில் இருந்த சிலுவைக்கு முன்னால் நின்று ஒரே ஒரு விண்ணப்பம் வைப்பாள்.

'நீ நீதிபதி. எனக்கு நடந்ததுக்கு நீ ஒரு தீர்ப்புச் சொல்லணும்.'

தனியாகச் சாப்பிடுவது, தனியாகக் காய்ச்சலில் படுப்பது, கல்லைப் புரட்ட ஆள் கிடைக்காமல் காத்திருப்பது எல்லாம் பழகிப்போனது. உனக்கு நடந்தது அநியாயம் என்று சொல்ல இன்னொரு வாய் இல்லையே, அது மட்டும் பழகவில்லை. உலகமே மூடிவிட்ட வழக்கைக் கடவுள் ஒருத்தராவது மூடாமல் வைத்திருக்கிறார் என்று நம்பித்தான் தினமும் எழுந்தாள். கோயிலில் எல்லாரும் சேர்ந்து 'ஆண்டவரே இரங்கும்' என்று பாடும்போது அவளும் பாடுவாள். அவள் பாடியது பெரிய ற. பாட்டில் யாருக்கு வித்தியாசம் தெரியப்போகிறது?

இப்படியே இருபது வருஷத்துக்கு மேல் போய்விட்டது. மழை விட்ட ஒரு காலையில் ஒரு பெண் வந்து பட்டறை வாசலில் நின்று குடையை மடக்கினாள். இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில் இருந்தது. விரல்கள் எல்லாம் வெளுத்து, நுனியில் தோல் உரிந்திருந்தது.

"கல்லறைக்குக் கல்லு வெட்டறது இங்கதானேக்கா?"

"இங்கதாம்மா. உக்காரு. கை என்ன இப்படி இருக்கு?"

"ஆஸ்பத்திரியில துணி வெளுக்கற வேலை. மருந்துத் தண்ணிக்கா."

"யாருக்குக் கல்லு?"

"எங்க வீட்டுக்காரருக்கு. போன மாசம் தவறிட்டாரு."

பெயரைச் சொன்னாள். ஊரில் பல பேருக்கு இருக்கிற பெயர்தான். கேட்டுக்கு அந்தப் பக்கமே அந்தப் பெயரில் நிறையப் பேர் படுத்திருந்தார்கள். கல்லக்கா தலையசைத்துவிட்டு, என்ன வாசகம் வேண்டும் என்று கேட்டாள்.

"'ஆண்டவரே, இவர்மேல் இரங்கும்'. அது மட்டும் போதும்னாரு. அன்பான கணவர், அது இதுன்னு ஒண்ணும் வேண்டாம்னு கண்டிப்பா சொன்னாரு. இன்னொண்ணும் சொன்னாருக்கா, அதுதான் எனக்குப் புரியல." அந்தப் பெண் கூச்சத்தோடு சிரித்தாள். "எனக்கு எழுத்து தெரியாது. இந்த ஊருக்கே போயி, கல்லு வெட்டற அம்மாகிட்ட, 'சின்ன ர-வா, பெரிய ற-வா'ன்னு கேளு. அவங்க எதைச் சொன்னாலும் சரின்னு வாங்கிட்டு வா, எதுத்துப் பேசாதேன்னாரு. சாகப்போற நேரத்துல மனுஷன் ரவையைப் பத்தி எதுக்குப் பேசறாருன்னு நினைச்சேன்."

கல்லக்கா மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன வேலை பாத்தாரு?"

"கொத்து வேலை. முன்னாடி கல்லுல எழுத்து வெட்டுவாராம். என்கிட்ட வந்தப்புறம் உளியைத் தொட்டதே இல்லக்கா. ஒரு தடவை ஒருத்தர் கூப்பிட்டதுக்குக்கூட, எனக்கு எழுத்து வராதுன்னு சொல்லி அனுப்பிட்டாரு."

"உனக்கு முன்னாடி அவருக்கு யாரும்..."

"இருந்தாங்கக்கா. முதல் சம்சாரம். காய்ச்சல்ல செத்துப்போயிட்டாங்களாம். பாவம், முகம்கூடப் பாத்ததில்ல. செத்தவங்களுக்காக வேண்டிக்கற நாள்ல வருஷா வருஷம் அவங்களுக்கும் சேத்து ஒரு மெழுகுவத்தி ஏத்துவேன். கல்லறை எங்கன்னு தெரியாது, சும்மா சிலுவையடியில வெச்சுட்டு வருவேன்."

கடைசியில் சொன்னது எதுவும் கல்லக்காவின் காதில் ஏறவில்லை. 'செத்துப்போயிட்டாங்க' என்றதோடு காது அடைத்துவிட்டது.

"அடுத்த வாரம் வா" என்றாள்.

"சின்னதா பெரிசாக்கா?"

"வரும்போது சொல்றேன்."

அந்தப் பெண் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கல்லக்கா அப்படியே நின்றாள். வருஷக்கணக்காக அந்த இன்னொருத்திக்காகச் சேர்த்துவைத்திருந்த வசவுகளில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. உரிந்த தோலோடு, இரண்டு பஸ் மாறி வந்து, அக்கா அக்கா என்கிறவளை எப்படித் திட்டுவது? ஆனால் அவன்? ஊருக்கெல்லாம் கல் வெட்டுகிறவளை ஒரு கல்கூட வைக்காமல் புதைத்துவிட்டுப் போயிருக்கிறான். அவள் இங்கே தட்டில் சோறு போட்டு மூடிவைத்துக் காத்திருந்தபோது அங்கே அவளுக்குக் காய்ச்சல் வந்து, முற்றி, அடக்கமும் முடிந்துவிட்டது. செத்த பிறகும் வெட்கமில்லாமல் கேட்கிறான், சின்ன ர-வா பெரிய ற-வா என்று.

பெரிய ற-தான். அதில் சந்தேகமே இல்லை.

இருப்பதிலேயே நல்ல பலகையை எடுத்துக் கிடத்தினாள். நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு சுறுசுறுப்பு வந்தது. 'ஆண்டவரே, இவர்மேல் இறங்கும்.' அந்தப் பெண்ணுக்கு எழுத்து தெரியாது. தெரிந்தவன் பார்த்தாலும் எழுத்துப்பிழை என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போவான். ஊரில் பாதிச் சுவரில் அந்தப் பிழைதானே இருக்கிறது. கடவுளுக்கு மட்டும்தான் புரியும். மழையிலும் வெயிலிலும் அந்தக் கல் அங்கேயே நின்று, அவள் செத்த பிறகும் அவள் வழக்கைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதைவிட நல்ல வக்கீல் யாருக்குக் கிடைப்பார்? பென்சிலால் வரைந்தபோது 'இவர்' என்ற மரியாதைதான் உறுத்தியது. போகட்டும், செத்தவனுக்கு அது ஒன்றாவது இருக்கட்டும் என்று விட்டாள்.

பெயரை வெட்டினாள். தேதிகளை வெட்டினாள். வாசகத்தில் 'ஆண்டவரே' வரைக்கும் வந்து கை நின்றுவிட்டது. வேறொன்றுமில்லை, இத்தனை வருஷத்தில் தெரிந்தே ஒரு தப்பெழுத்தை அவள் வெட்டியதில்லை. அந்த வீம்பு ஒன்றுதான் தடுத்தது. யாரையாவது கேட்டுவிட்டு வெட்டலாம் என்று தோன்றியது. கேட்பதற்கு ஆள் யார் இருக்கிறார்கள்? துணியை உதறிப் போட்டுவிட்டுக் கோயிலுக்கு நடந்தாள்.

கோயிலில் ஆளில்லை. ஃபாதர் பீடத்துக்குப் பக்கத்தில் ஏணி மேல் நின்று பல்பு மாற்றிக்கொண்டிருந்தார். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. ஏணி அவரைவிட மூத்தது, நடுங்கிக்கொண்டிருந்தது. கல்லக்கா போய் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"ஃபாதர், ஒரு சந்தேகம். மனசு இரங்கறதுக்கு சின்ன ர. கீழ இறங்கறதுக்குப் பெரிய ற. சரிதானே?"

"சரிதாங்க்கா. உங்களுக்கே எழுத்துல சந்தேகமா?"

"கல்லறையில பெரிய ற போட்டுட்டா என்ன ஆகும்?"

"தமிழ் வாத்தியாருக்குக் கோபம் வரும்."

"கடவுளுக்கு?"

ஃபாதர் குனிந்து பார்த்தார். கையில் பழைய பல்பு. "யாருக்கு வெட்டறீங்க?"

"ஒருத்தருக்கு. பொண்டாட்டியை உயிரோட விட்டுட்டு ஓடிப்போய், அவ செத்துட்டான்னு சொல்லிக்கிட்டு இன்னொருத்தியோட வாழ்ந்தவரு. அவர் மேல இரங்குன்னு கடவுள்கிட்ட என் கையால எழுதிக் கொடுக்கணுமா? நீயே இறங்கி வந்து என்னன்னு கேளுன்னு எழுதினா தப்பா?"

"தப்பில்ல" என்றார் ஃபாதர், கொஞ்சம் யோசித்துவிட்டு. "ஆனா ஒருதரம் இறங்கி வந்தாச்சேக்கா. வந்தவரு யாரையும் மிதிக்கல. மிதி வாங்கினாரு." ஏணி உயரத்துக்கு நேராக இருந்த சிலுவையைப் பார்த்துத் தாடையை அசைத்தார்.

கல்லக்காவுக்குச் சுருக்கென்றது. "அப்ப எந்த ர போட்டாலும் அந்த ஆளு தப்பிச்சுக்குவாரு. அப்படித்தானே? நல்லா இருக்கு ஃபாதர் உங்க கோர்ட்டு!"

"தப்பிச்சுக்குவாருன்னு நான் சொன்னேனா? செஞ்சதை ஒண்ணுமில்ல, போன்னு தள்ளிவிட்டா அது இரக்கம் இல்லக்கா, அலட்சியம். அந்த மனுஷன் கடவுள் முன்னாடி நின்னு, அந்த அம்மா தனியா சாப்பிட்ட ஒவ்வொரு சாப்பாட்டையும் பாக்கணும். கண்ணை மூடிக்க முடியாது. பாத்துட்டு, ஆமா, நான்தான் செஞ்சேன்னு சொல்லணும். அதுக்கப்புறம்தான் இரங்கும்னு கேக்கவே வாய் வரும். நான் தப்பே செய்யலங்கறவன் எதுக்கு இரக்கம் கேக்கப்போறான்?"

"சரி. அந்த அம்மாவுக்கு என்ன கிடைக்கும்?"

ஃபாதர் பழைய பல்பைக் கையில் உருட்டினார். "தெரியலக்கா" என்றார். "படிக்கற காலத்துல இதுக்கு ஒரு பதில் சொல்லிக் கொடுத்தாங்க. உங்க முகத்தைப் பாத்துக்கிட்டு அதைச் சொல்ல வரல."

ஃபாதர் புதுப் பல்பை மாட்டித் திருகினார். ஏணி கிரீச்சிட்டது.

"இறங்குங்க ஃபாதர், ஆடுது" என்றாள் கல்லக்கா. சொன்ன பிறகுதான் சொல் உறைத்தது. ஃபாதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வரப் பார்த்தது, அடக்கிக்கொண்டாள்.

வீடு திரும்பும்போது ஃபாதர் மேல் அவளுக்குக் கோபம் இருந்தது, தெரியல என்று சொன்னதில் மட்டும் ஒரு மரியாதை இருந்தது. வந்ததும் குழாயடியில் உட்கார்ந்து ஊறவைத்த துணிகளைத் துவைக்க ஆரம்பித்தாள். கோபம் வந்தால் அவளுக்குத் துவைக்க வேண்டும். அடித்துத் துவைத்ததில் கல் ஒரு பக்கம் அசைந்தது. முட்டுக் கொடுக்க அடியில் கை விட்டபோது விரல் ஒரு பள்ளத்தில் விழுந்தது. பெரிய ற. அவன் உளி. இத்தனை வருஷத் தண்ணீருக்குப் பிறகும் விளிம்பு கூராகவே இருந்தது.

தப்பே செய்யலங்கறவன் எதுக்கு இரக்கம் கேக்கப்போறான்.

கை அடியிலேயே இருக்க, அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவன் கேட்டிருக்கிறான். கடவுளிடம் கேட்டது போதாதென்று அவளிடமும் கேட்டு அனுப்பியிருக்கிறான். அந்தக் காலத்தில் கேட்ட மாதிரியே, நிலைப்படிக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே வராமல். எதைச் சொன்னாலும் சரி, எதிர்த்துப் பேசாதே. பெரிய ற என்று அவள் வெட்டினால் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு காலம் முடிகிற வரைக்கும் படுத்திருக்கத் தயார் என்றல்லவா அதற்கு அர்த்தம்? அவளுக்கு நடந்தது அநியாயம் என்று சொல்ல ஒரு வாய் வேண்டும் என்றுதானே இத்தனை வருஷம் கேட்டாள்? உறவு சொல்லவில்லை. ஊர் சொல்லவில்லை. செய்தவனே வந்து கூண்டில் ஏறி நின்று, ஆமா, தீர்ப்பை நீயே சொல்லு என்கிறான். அவள் கேட்ட நீதி வந்துவிட்டது. இப்படி வரும் என்று மட்டும் அவள் நினைத்திருக்கவில்லை.

அப்போதுதான் அந்த மெழுகுவத்தி ஞாபகத்துக்கு வந்தது. அந்தப் பெண் சொன்னபோது கேட்காத காதில் இப்போது ஒவ்வொரு சொல்லாக விழுந்தது. வருஷா வருஷம். சிலுவையடியில. அவங்களுக்கும் சேத்து. உலகத்தில் ஒரு ஜீவன்கூடத் தன்னை நினைப்பதில்லை என்று இவள் இங்கே படுத்துக் கிடந்த வருஷங்களில், எங்கேயோ ஒருத்தி, மருந்துத் தண்ணீரில் வெந்த விரலால், இவளுக்காக ஒரு திரியைப் பற்றவைத்திருக்கிறாள். செத்தவள் என்று நினைத்துத்தான் செய்தாள். இருக்கட்டுமே. உயிரோடிருக்கிறவள் என்று தெரிந்த யார் செய்தார்கள்? அதுவும் யார்? இவள் தினமும் சாயங்காலம் அவனோடு சேர்த்து யாரைத் தண்டனைக்கு எழுதிக்கொடுத்தாளோ, அந்த வாளி வாங்கியவள்.

கல்லக்கா அழுதாள். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, வாய்விட்டு, நன்றாக அழுதாள். கோபம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. செத்துட்டா என்று சொன்னானே, அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிந்தது. அது எரிந்துகொண்டிருக்கும்போதேதான் அழுதாள்.

காலையில் ஈரத்துணியால் பென்சில் கோட்டைத் துடைத்தாள். பெரிய ற போய்விட்டது. அந்த இடத்தில் சின்ன ர வரைந்தாள். இவர்மேல் என்பதை எங்கள்மேல் என்று மாற்றலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாள். ஃபாதரைக் கேட்டால் மாற்றச் சொல்வார். பழி தீர்க்கிற கோபத்தில் தானும் கொஞ்சம் ஆட்டம் போட்டது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அவனோடு ஒரே வரியில் நிற்க இன்னும் மனசு வரவில்லை. அவளால் கொடுக்க முடிந்தது ஓர் எழுத்து. அதைக் கொடுத்தாள். உளி வழுக்காமல் போனது. வளைவில் மட்டும், இதை அவர் வெட்டியிருந்தால் இன்னும் அழகாக வந்திருக்கும் என்று தோன்றியது. 'அவர்' என்று நினைத்துவிட்டதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தாள்.

சொன்னபடி அந்தப் பெண் அடுத்த வாரம் ஒரு சின்ன வண்டியோடு வந்தாள். டிரைவரும் பூக்காரரும் சேர்ந்து கல்லைத் தூக்கிச் சாக்கு விரித்து வைத்தார்கள். போகிற இடத்தில் குறை சொல்ல ஆளில்லை என்று பூக்காரர் அவளிடமும் அதே நகைச்சுவையை எடுத்துவிட்டார். அவளுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. கல்லின் மேல் கை வைத்துத் தடவிக்கொண்டே நின்றாள்.

"எதுன்னு கேக்கச் சொன்னாரேக்கா. சின்னதா, பெரிசா?"

கல்லக்கா அவளுடைய விரலைப் பிடித்தாள். உரிந்த தோல் கையில் சொரசொரத்தது. விரலை எழுத்துப் பள்ளத்தில் வைத்து, மேலிருந்து கீழே மெல்ல ஓட்டினாள்.

"இதுதான். சின்ன ர."

அந்தப் பெண் தானாக இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாள். பாதை தெரிந்துகொள்கிற மாதிரி. "அவர்கிட்ட போய் அப்படியே சொல்லிடறேன்" என்றாள். அப்புறம் தயங்கி, "அப்படின்னா என்ன அர்த்தம்கா?" என்று கேட்டாள்.

நான் சாகவில்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லிவிட்டால் அந்த மெழுகுவத்தி நின்றுபோகும். இருக்கிறவர்களுக்கு யாரும் ஏற்ற மாட்டார்கள்.

"உள்ள வரலாம்னு அர்த்தம்" என்றாள் கல்லக்கா.

அந்தப் பெண் அதை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். வண்டி திருப்பம் தாண்டுகிற வரைக்கும் கல்லக்கா வாசலில் நின்றாள். சாப்பாட்டு நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. காலைக் கழுவிக்கொண்டு தனியாக உள்ளே போனாள்.